பம்பை மாற்றினால் மட்டும் போதுமா?

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு யோசனைகள் இலவசமாக வந்து சேரும். ஒன்று, "வித்துடுங்க சார்." இன்னொன்று, "பட்டறையில விட்டுட்டு சாயங்காலம் போய் எடுத்துக்குங்க." வண்டிக்கு அடியில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் முதல் பெற்ற பிள்ளை வரை இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்பது என் கட்சி. வாட்டர் பம்ப் போன்ற ஒரு பாகத்தை, கைகால் திடமாக இருக்கிறவரை, நம் வீட்டு வாசலிலேயே நாமே மாற்றலாம். மாற்ற வேண்டும் என்றுகூடச் சொல்வேன். காசு மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. பம்பை மாற்றுவது சின்ன வேலை. அது ஏன் போனது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அந்தப் பெரிய வேலைக்குக் கைத்திறமையைவிட நேரம்தான் அதிகம் வேண்டும். பட்டறைகளில் இன்று இல்லாத சாமான் அந்த நேரம். ஓய்வு பெற்ற நம்மிடம் அது ஏராளமாகக் கிடக்கிறது.

எங்களிடம் இருப்பது மாருதி வேன். 1984-இல் வேன் என்ற பெயரிலேயே வந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நின்றுபோன அதே வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். ஒரு காலத்தில் புதுச்சேரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்கடைக்காரர், கல்யாணச் சமையல் கோஷ்டி, ஆம்புலன்ஸ் எல்லோருக்கும் அதுதான் வாகனம். எங்களுக்கு அது இன்னும் தேவைப்படுவதற்குக் காரணம் எளிது. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தகராறு. குறுகலான எங்கள் தெருவில் மற்ற வண்டிகளின் கதவு பாதிதான் திறக்கும். இந்தச் சறுக்குக் கதவு முழுதாகத் திறந்து, நான் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்து உட்கார வைக்க இடம் கொடுக்கிறது. மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அவள் போய் வருவது அந்தக் கதவின் புண்ணியம். ஆகவே "வித்துடுங்க" என்பது எங்கள் வீட்டில் அவ்வளவு லேசான பேச்சு அல்ல.

பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மீதி எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரில் இறங்குகிறது. அந்த நீரை ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓயாமல் சுற்ற வைப்பது வாட்டர் பம்ப். உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சாமான். ஒரு தண்டு, அதன் ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம், மறு முனையில் பெல்ட் ஓடும் புல்லி, நடுவில் ஒரு பேரிங், பேரிங்குக்குள் தண்ணீர் புகாமல் காக்க ஒரு சீல். அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பம்பின் உடம்பில் கீழ்ப்பக்கமாக இருக்கும் ஒரு சின்ன ஓட்டை. சீல் தேய ஆரம்பித்ததும் கசியும் நீர் பேரிங்குக்குள் போகாமல் அந்த ஓட்டை வழியாக வெளியே சொட்டும். "என் காலம் முடியப் போகிறது, ஏற்பாடு செய்" என்று பம்பே நமக்குக் கொடுக்கும் நோட்டீஸ் அது. முதலில் ஈரம் தெரியும். பிறகு காய்ந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ துரு நிறத்திலோ ஒரு படிவம் நிற்கும். அடுத்த கட்டத்தில் பேரிங் கரகரவென்று சத்தம் போடும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆறியபின் புல்லியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆடும்.

இந்த நோட்டீசை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்புகிறவர்கள்தான் அதிகம். ஓட்டையில் எம்-சீல் வைத்து அடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூளைக் கொட்டுவது லாரிக்காரர்களின் பழைய வழி. நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் பக்கத்து ஊர் போய்ச் சேர அது உதவலாம். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகும் அதை நம்பி ஓட்டினால், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் சேர்ந்து அடைபடும். ஓட்டையை மூடினால் கசிவு நிற்காது. தண்ணீர் பேரிங்குக்குள் போய் அதைத் தின்றுவிடும். பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து நீரோட்டம் நின்றுபோகும். சூட்டு முள் சிவப்புக்கு ஏறினபிறகும் ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து ஹெட் கேஸ்கெட் போகும். அப்புறம் ஆகிற செலவில் பல பம்புகள் வாங்கலாம்.

எங்கள் வண்டிக்கு மூன்று ஆண்டுக்குள் இரண்டு பம்ப் மாற்றப்பட்டது. இரண்டு முறையும் ஒரே பட்டறை. பெயர் வேண்டாம். காலையில் விட்டேன், மாலையில் எடுத்தேன். பில்லில் "வாட்டர் பம்ப் 1, கேஸ்கெட் 1, கூலி" என்று மூன்று வரி. இரண்டாம் முறை "ஏம்பா, இவ்வளவு சீக்கிரம் ஏன் போச்சு?" என்று கேட்டேன். "இப்ப வர்ற ஸ்பேர் எல்லாம் அப்படித்தான் சார்" என்றார் அந்தத் தம்பி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குப் பின்னால் ஏழு வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒரு வண்டிக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் பம்பைக் கழற்றலாம், மாட்டலாம், யோசிக்க முடியாது.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இந்த நோய் எனக்குப் பழக்கமானது. ஃபைல் மேசையைவிட்டுப் போனால் அது "டிஸ்போஸ்" ஆனதாகக் கணக்கு. மாதக் கடைசியில் எத்தனை வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று ஒரு பட்டியல் போகும். விதவைப் பென்ஷன் கேட்டு எழுதிய அம்மாவுக்கு "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு பதில் போனால் ஃபைல் முடிந்தது. அந்த அம்மாவின் பிரச்சினை முடியவில்லை. ஆறு மாதத்தில் அதே அம்மா, அதே மனு, புது ஃபைல் நம்பரோடு வரும். என் வண்டியின் இரண்டாவது பம்பும் அப்படி வந்த புது ஃபைல்தான்.

மூன்றாவது முறை வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்தபோது பட்டறைக்குப் போகவில்லை. வாசலில் வேப்ப மரத்து நிழலில் வண்டியை நிறுத்தினேன். முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின். இந்த வண்டியில் அது ஒரு சௌகரியம். பாதி வேலையை நின்றுகொண்டே பார்க்கலாம். மீதியை அடியிலிருந்து பார்க்க வேண்டும். பம்ப் மாற்ற நான் எடுத்துக்கொண்டது நாலு நாள். தினம் காலை இரண்டு மணி நேரம், வெயில் ஏறுவதற்கு முன். நாலு நாள் என்றதும் என் மகன் சிரித்தான். சிரிக்கட்டும்.

எதைப் பார்த்தேன் என்று சொல்கிறேன். முதலில் தண்ணீர். ரேடியேட்டரின் அடியில் பாத்திரம் வைத்து வடித்தபோது வந்தது செங்காவி நிறத்தில் இருந்தது. கூலன்ட் என்றால் பச்சையாகவோ சிவப்பாகவோ நீலமாகவோ தெளிந்து இருக்க வேண்டும். இது துருத் தண்ணீர். பட்டறையில் இரண்டு முறையும் ஊற்றியது போர் தண்ணீர் என்பது அதைப் பார்த்த உடனே புரிந்தது.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச கடல் உள்ளே வருகிறது. குழாயின் வாயில் உப்புப் பூக்கிறது, கெட்டிலின் அடியில் சுண்ணாம்பு படிகிறது. நல்ல தண்ணீருக்குப் புதுச்சேரி பட்ட பாடு இன்று நேற்றையது அல்ல. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குள் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவாகத்தான் பாரதி பூங்காவின் நடுவில் ஆயி மண்டபம் நிற்கிறது. மனிதர் குடிக்க உப்பு நீர் ஆகாது என்று தெரிந்த நாம், அதை வண்டிக்கு மட்டும் தாராளமாக ஊற்றுகிறோம். உப்பு இரும்பைத் தின்கிறது. சுண்ணாம்பு சூடான இடத்தில் போய்ப் படிகிறது. துருவும் சுண்ணாம்பும் மணல்போலச் சுற்றி வந்து பம்பின் சீலை உரசித் தேய்க்கின்றன. புதுப் பம்ப் என்ன, தங்கத்தில் செய்த பம்பானாலும் அந்தத் தண்ணீரில் வாழாது.

"நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் இருப்பது கூலன்டின் ஒரு குணம், அவ்வளவே. நமக்கு வேண்டியவை அதன் மற்றக் குணங்கள். அதில் துருவைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது, கொதிநிலை உயர்கிறது, சீலுக்கு வழவழப்புக் கிடைக்கிறது. பாட்டிலில் எழுதியிருக்கும் விகிதத்தில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்ற வேண்டும். தயாராகக் கலந்தே வருவதும் உண்டு. அதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. அந்த மருந்துக்கும் ஆயுள் உண்டு. ஆகவே சில ஆண்டுக்கு ஒருமுறை வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும்.

இரண்டாவதாகப் பார்த்தது பெல்ட். கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். இது வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. தொய்ந்த பெல்ட் கீச்சிடும், வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவார். அதனால் நன்றாக இழுத்துக் கட்டிவிடுவது பட்டறைப் பழக்கம். இறுக்கிய பெல்ட் சத்தம் போடாது. ஆனால் பம்பின் பேரிங்கை இரவும் பகலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பேரிங் தேய்ந்தால் தண்டு ஆடும், தண்டு ஆடினால் சீல் கிழியும். ஆக, எங்கள் பம்பைக் கொன்றவை இரண்டு. கெட்ட தண்ணீர் ஒன்று, இறுக்கிய பெல்ட் ஒன்று. "ஸ்பேர் எல்லாம் அப்படித்தான்" என்பது காரணமே அல்ல.

இனி வேலை செய்த விதம். இதைப் படித்துவிட்டு யாராவது ஸ்பானரை எடுத்தால், கீழ்க்கண்டதை மட்டும் மறக்க வேண்டாம்.

எஞ்சின் முழுக்க ஆறட்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது உத்தமம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த மறு நொடி குபீரென்று ஆவியாகி முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைத்தால் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுழலும் ஆபத்தும் இல்லை. வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போங்கள். நம் வயதில் இது கட்டாயம்.

வடித்த கூலன்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். கிண்ணத்தில் திறந்தும் வைக்காதீர்கள். அது இனிப்பாக இருக்கும், தெரு நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அது விஷம். மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கழற்றும் வேலையில் எனக்குக் கைகொடுத்தது ஆபீஸ் பழக்கம்தான். ஃபைலில் ஒவ்வொரு தாளுக்கும் பக்க எண் போடாமல் அடுத்த மேசைக்கு அனுப்ப மாட்டோம் அல்லவா? அதேபோல ஒரு அட்டையில் பம்பின் படத்தைப் பென்சிலால் வரைந்து, போல்ட் இருக்கும் இடத்தில் எல்லாம் ஓட்டை போட்டு, கழற்றின போல்ட்டை அந்தந்த ஓட்டையிலேயே செருகி எண் எழுதினேன். நீளம் வேறுவேறாக இருக்கும் போல்ட்டுகள். இடம் மாற்றிப் போட்டால் ஒன்று பிடிக்காது, இன்னொன்று அடி முட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பேத்தி கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தாள்.

பம்பை அடைய இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் பக்கம் கைவைக்க வேண்டியிருக்கிறது. இங்கேதான் நான் ஒரு கோடு கிழித்துக்கொண்டேன். டைமிங் பெல்ட் என்பது எஞ்சினின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒரே தாளத்தில் வைத்திருக்கும் பெல்ட். குறிகள் ஒரு பல் தள்ளிப்போனாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. அந்த இடத்துக்கு, எங்கள் தெருமுனையில் முன்பு கடை வைத்திருந்து இப்போது வீட்டோடு இருக்கும் ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னேன். அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "சார், மொதல்ல வெள்ளை பெயிண்டால குறி போடுங்க, அப்புறம் கழட்டுங்க" என்று வாயால் சொல்லிக்கொடுத்தார். திரும்பப் பூட்டியபின் ஸ்பானரால் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிக் குறி சரியாக வந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். டைமிங் பெல்ட்டையும் அப்போதே புதிதாகப் போட்டோம். அவ்வளவு தூரம் பிரித்தபிறகு பழையதையே மாட்டுவது சிக்கனம் ஆகாது.

பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தைச் சுரண்டுவதற்கே ஒரு காலை போயிற்று. அலுமினியத்தில் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும். ஒரு கீறல் போதும், கசிவுக்கு அது வாய்க்கால். பட்டறையில் இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்குவார்கள், மீதியைப் பசை பார்த்துக்கொள்ளும் என்று பிதுங்கப் பிதுங்கப் பூசிவிடுவார்கள். உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து தண்ணீரோடு சுற்றும். போல்ட்டுகள் பத்தாம் நம்பர் ஸ்பானர் பிடிக்கும் சின்ன ரகம். வீரத்தைக் காட்டினால் உடையும். ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரில் இருப்பதை இறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சமமாக உட்கார வைக்க வேண்டும். இது ஆத்திரக்காரன் வேலை அல்ல.

கடைசியாகக் கூலன்டை மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடி எஞ்சினை ஓட விட வேண்டும். 80 டிகிரி தாண்டியதும் தெர்மோஸ்டாட் திறக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழ் குமிழாக வெளியே வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். காற்றை வெளியேற்றாமல் மூடியைப் போட்டுவிட்டால் புதுப் பம்ப் இருந்தும் எஞ்சின் சூடாகும். நாங்கள் அரை மணி நேரம் டீயைக் குடித்துக்கொண்டு குமிழ் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதற்கு மறுப்பு சொல்பவர்கள் மூன்று வகை. மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

என் மகன் சொல்வது முதலாவது. "அப்பா, உங்க நாலு நாளுக்கு என்ன விலை?" அவனுக்குச் சம்பளம் மணிக் கணக்கில். அதனால் அப்படிக் கேட்கிறான். என் பென்ஷன் நான் வேப்ப மரத்தடியில் இருந்தாலும் வரும், நாற்காலியில் தூங்கினாலும் வரும். என் நேரத்துக்குச் சந்தையில் விலை இல்லை என்பதாலேயே அதை விலை போடாத காரியத்துக்குச் செலவழிக்க எனக்குச் சுதந்திரம் இருக்கிறது. எழுபதைத் தாண்டியவர்களிடம் எல்லோரும் "நீங்க சும்மா உட்காருங்க" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் "சும்மா"வில் உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போனவர்களை என் பென்ஷன் சங்கத்திலேயே நிறையப் பார்க்கிறேன்.

இரண்டாவது, மெக்கானிக்கின் வயிற்றில் அடிக்கலாமா என்பது. நியாயமான கேள்வி. என் பதில் இது. நான் கூலியை மிச்சப்படுத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவருக்குக் கொடுத்தேன். கையால் செய்ததற்கு மட்டும் கூலி கொடுத்துப் பழகிய நாம், அறிவால் சொன்னதற்குக் கொடுப்பதில்லை. டாக்டர் நாடி பிடித்தால் ஃபீஸ், மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுச் சொன்னால் "சும்மா பார்த்துச் சொன்னாரு". இந்தக் கணக்கு மாறினால் பட்டறைகளிலும் காரணம் தேட நேரம் கிடைக்கும். அவசரத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள் அல்ல. "சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்று வண்டியை விட்டுப் போகிற நாம்தான்.

மூன்றாவது, பழைய வண்டி புகை விடும், தொலைந்தால் நல்லது என்பது. புகைச் சோதனையில் தேறாத வண்டி ரோட்டில் இருக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனதும் அந்த நோக்கத்தில்தான். கட்டினேன், முணுமுணுக்கவில்லை. ஆனால் சோதனையில் தேறுகிற வண்டியை ஒரு பம்புக்காகக் கைகழுவி, புதிய வண்டிக்கு வேண்டிய இரும்பையும் அலுமினியத்தையும் உருக்கச் சொல்வது எந்த ஊர்ச் சிக்கனம்? சூட்டில் தவிக்கும் எஞ்சின்தான் அதிகம் கெடும். நன்றாகக் குளிர்கிற எஞ்சின் ஒழுங்காக எரிக்கும்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். சின்ன வகுப்பில் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் இருந்தது. பொருளைக் கையில் கொடுத்துக் கற்பிப்பது. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு விதை, ஒரு தராசு. முதலில் பார், பிறகு தொடு, பிறகு சொல், அதற்குப் பிறகுதான் நோட்டில் எழுது. பெரிய வகுப்பில் திதெரோவைப் பற்றிச் சொன்னார்கள். கத்தி செய்யும் கைவினைஞரின் மகன் அவர். 1751 முதல் அவரும் தலாம்பேரும் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் தத்துவத்தோடு தத்துவமாக நெசவு, கண்ணாடி, ஊசி செய்தல் எல்லாம் படத்தோடு இடம்பெற்றன. ரூஸோ தன் எமிலுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். இதையெல்லாம் வாயாரப் படித்த நாங்கள் பள்ளியைவிட்டு வெளியே வந்ததும் தேடியது என்ன? மேசையும் நாற்காலியும். கையில் மசி படலாம், கிரீஸ் படக் கூடாது. தமிழ்ச் சமூகம் ஏற்கெனவே வைத்திருந்த வழக்கம் அது. பிரெஞ்சுப் படிப்பும் அதை அசைக்கவில்லை. இன்று எங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கிரீஸ் என்றால் என்ன என்றே தெரியாது. அது அவர்கள் குற்றம் அல்ல. அவர்கள் முன்னால் யாரும் ஒரு சாமானைப் பிரித்துக் காட்டவில்லை.

அந்த நாலு நாளும் டார்ச் பிடித்தவள் என் பேத்தி. எட்டாவது படிக்கிறாள். பழைய பம்பைக் கையில் வாங்கி, தண்டை ஆட்டிப் பார்த்து, துரு தின்ற இறக்கையைத் தடவிப் பார்த்து, "தாத்தா, தண்ணி இரும்பைச் சாப்பிடுமா?" என்று கேட்டாள். சாப்பிடும் என்றேன். அப்புறம் உப்பு, ஆக்சிஜன், துரு என்று அவளுடைய வேதியியல் புத்தகமே வாசலுக்கு வந்துவிட்டது. மகன் கேட்ட விலைக்கு இதையும் வரவில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் ஸ்பானர் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. முதுகு வளையாதவர்கள், கண் புரை உள்ளவர்கள், கை நடுங்குகிறவர்கள் வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம். ஆனால் கேட்க எல்லோராலும் முடியும். அடுத்த முறை பட்டறையில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் மூன்று காரியம் செய்யுங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். எந்தத் தண்ணீரை ஊற்றினார்கள் என்று கேளுங்கள், முடிந்தால் கூலன்ட் கேனை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். "இது ஏன் போச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நகராமல் நில்லுங்கள். "சாயங்காலம் வேண்டாம் தம்பி, நாளைக்குக் கொடு, நிதானமா பாரு" என்றும் சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் வசதி நம் வயதுக்காரர்களுக்குத்தான் இருக்கிறது. அதை நாம் பயன்படுத்தவில்லை என்றால் வேறு யார் பயன்படுத்துவார்கள்?